இரண்டே வருடம் வாழ்ந்த சாம்பியன்

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



டென்மார்க் நாட்டின் தலைநகர் கோபன்ஹேகனில் ஒரு ஹேண்ட்பால் கிளப் இருந்தது. 2010இல் பிறந்தது. 2011இல் நாட்டின் சாம்பியன். 2012இல் மறுபடியும் சாம்பியன். அதே 2012 ஜூலை 31ஆம் தேதி திவால். அதோடு கதை முடிந்தது. பெயர் ஏ.ஜி. கோபன்ஹேகன்.

"எங்கேயோ இருக்கிற டென்மார்க்கில் எவனோ திவாலானால் நமக்கென்னடா மாப்ள?" என்று என் ரூம்மேட்டே கேட்டுவிட்டான். நீங்களும் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தோற்றுப் போன கிளப் மூடப்படுவது உலகத்தில் நடக்கிற விஷயம்தான். ஜெயித்துக்கொண்டே இருந்த கிளப் ஏன் செத்தது? அதுதான் என்னைப் பல நாள் தூங்கவிடாத கேள்வி. அதற்கு விடை தேடப் போய், கடைசியில் என் வீட்டு வாசலிலேயே வந்து நின்றேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் கைப்பந்து என்றால் வாலிபால். எறிபந்து என்றால் த்ரோபால். நான் சொல்வது இரண்டும் இல்லை. நம் மைதானத்தின் வடக்கு மூலையில், வெல்டிங் ஷாப்பில் நம் சீனியர்கள் ஜி.ஐ. பைப்பை வெட்டி ஒட்டி நிறுத்திய இரண்டு கோல் போஸ்ட் இருக்கிறதே, அந்த விளையாட்டு. நாற்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம். ஒரு பக்கத்துக்குக் கோல்கீப்பரோடு ஏழு பேர். போஸ்ட் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிக்கு மேல் நடக்கக் கூடாது, மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. கோலைச் சுற்றி ஆறு மீட்டர் கோடு; அதற்குள்ளே கோல்கீப்பரைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. அதனால்தான் ஆட்டக்காரன் கோட்டுக்கு வெளியே எம்பிக் குதித்து, அந்தரத்தில் இருக்கும்போதே பந்தை எறிகிறான். முப்பது முப்பது நிமிடமாக ஒரு மணி நேரம். அதற்குள் இரண்டு பக்கமும் சேர்த்து ஐம்பது அறுபது கோல் விழும். ஒரு கோலுக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருக்கும் வேலையே இல்லை!

இந்த விளையாட்டுக்கு விதிமுறை எழுதியவர்களில் முன்னோடி ஹோல்கர் நீல்சன் என்ற டென்மார்க் பள்ளி ஆசிரியர். கோபன்ஹேகன் பக்கத்தில் ஓர்ட்ரூப் என்ற இடத்தில் வேலை பார்த்தவர். 1906இல் விதிகளை அச்சிட்டு வெளியிட்டார். நம் சென்னையை விட மக்கள் தொகை குறைந்த நாடு டென்மார்க். ஆனால் பெண்கள் அணி 1996, 2000, 2004 என்று தொடர்ச்சியாக மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியது. ஆண்கள் அணி 2019, 2021, 2023, 2025 என்று தொடர்ந்து நான்கு முறை உலக சாம்பியன். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் கடைசி நாள், ஆகஸ்ட் 11. ஆண்கள் ஹேண்ட்பால் இறுதி ஆட்டம். டென்மார்க்கும் ஜெர்மனியும். செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். 39க்கு 26. இறுதி ஆட்டம் என்றே சொல்ல முடியாத அளவுக்கு ஜெர்மனியை அடித்துத் துவைத்துவிட்டார்கள். மிக்கெல் ஹான்சன் என்ற ஆட்டக்காரருக்கு அதுதான் கடைசி ஆட்டம். தலையில் பட்டை கட்டிக்கொண்டு, நீளமான முடியோடு இருப்பார். 2011, 2015, 2018 என்று மூன்று முறை உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர்.

அவர் எந்தெந்த கிளப்பில் ஆடினார் என்று தேடினேன். 2005இலிருந்து ஜி.ஓ.ஜி. என்ற கிளப். 2008இல் பார்சிலோனா. 2010இல் ஏ.ஜி. கோபன்ஹேகன். 2012இல் பாரிஸ். முதல் முறை உலகின் சிறந்த ஆட்டக்காரர் ஆன 2011ஆம் ஆண்டில் அவர் போட்டிருந்த சட்டை ஏ.ஜி. கோபன்ஹேகன் சட்டை. சரி, இப்போது அந்த கிளப் எப்படி ஆடுகிறது என்று பார்க்கப் போனால், கிளப்பே இல்லை! உலகின் சிறந்த ஆட்டக்காரனை வைத்திருந்த கிளப், மறு வருடமே காணாமல் போயிருக்கிறது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இந்தக் கட்டுரை.

காசி யெஸ்பர்

கோபன்ஹேகனுக்கு மேற்கே ஆல்பர்ட்ஸ்லுண்ட், குளோஸ்ட்ரப் என்று இரண்டு புறநகர்கள். இந்த இரண்டு ஊர்ப் பெயர்களின் முதல் எழுத்துதான் ஏ.ஜி. அங்கே ஏ.ஜி. ஹேண்ட்பால் என்ற அணி இருந்தது. நகரத்தில் எஃப்.சி.கே. ஹேண்ட்பால் என்று இன்னொரு அணி. கோபன்ஹேகன் கால்பந்து கிளப்போடு சேர்ந்தது. 2008இல் நாட்டின் சாம்பியன். 2010இல் இந்த இரண்டையும் இணைத்துத்தான் ஏ.ஜி. கோபன்ஹேகன் உருவானது.

இணைத்தவர் யெஸ்பர் நீல்சன் என்ற தொழிலதிபர். பண்டோரா என்ற டென்மார்க் நகைக் கம்பெனியின் பொருட்களை ஜெர்மனியில் விற்றுப் பெரும் பணக்காரர் ஆனவர். பெண்கள் கையில் போடும் வளையத்தில் ஒவ்வொரு மணியாகக் கோத்துச் சேர்க்கிற நகை அது. அவர் நடத்திய கம்பெனியின் பெயர் காசி குரூப். அதனால் டென்மார்க்கில் அவருக்குப் பட்டப்பெயரே 'காசி யெஸ்பர்'. நம் காதுக்கு 'காசு' என்றே கேட்கிறது, பெயர்ப் பொருத்தம் அப்படி!

அவர் கையை இறுக்கிப் பிடிக்கவில்லை. ஐரோப்பாவின் முதல் வரிசைக் கிளப்பாக ஆக்க வேண்டும் என்று ஆள் பிடித்தார். பார்சிலோனாவிலிருந்து மிக்கெல் ஹான்சன் வந்தார். 2008 ஐரோப்பியக் கோப்பை ஜெயித்த டென்மார்க் அணியின் கோல்கீப்பர் காஸ்பர் விட் இருந்தார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஐஸ்லாந்து என்ற சின்னஞ்சிறு தீவு நாடு வெள்ளி வாங்கி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அந்த அணியிலிருந்து ஓலாஃபுர் ஸ்டெஃபான்சன், குட்யோன் வாலுர் சிகுர்ட்சன், அர்னோர் அட்லாசன், ஸ்னோரி ஸ்டெய்ன் குட்யோன்சன் என்று நான்கு பேர் ஏ.ஜி. சட்டை போட்டார்கள். பயிற்சியாளர் ஸ்வீடனைச் சேர்ந்த மாக்னஸ் ஆண்டர்சன். வாசிக்க வாசிக்க, பெரிய இடத்துக் கல்யாண விருந்தின் இலையைப் பார்ப்பது போல இருந்தது எனக்கு.

36,651 பேர்

2011 மே 21. டென்மார்க் லீக்கின் இறுதி ஆட்டம். ஏ.ஜி. கோபன்ஹேகனும் பியரிங்ப்ரோ சில்க்பொர்க் அணியும். ஹேண்ட்பால் நான்கு சுவருக்குள் ஆடுகிற ஆட்டம். சில ஆயிரம் பேர் உட்காரும் ஹால்தான் வழக்கம். ஆனால் அன்றைக்கு ஆட்டம் நடந்த இடம் பார்க்கன். டென்மார்க் தேசியக் கால்பந்து அணி ஆடுகிற மைதானம்! கால்பந்து மைதானத்தின் நடுவில் ஹேண்ட்பால் களத்தை அமைத்து ஆடினார்கள்.

வந்தவர்கள் 36,651 பேர். அதுவரைக்கும் உலகத்தில் எந்த கிளப் ஹேண்ட்பால் ஆட்டத்துக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. அதற்கு முந்தைய சாதனை 2004இல் ஜெர்மனியில் லெம்கோவும் கீலும் ஆடிய ஆட்டம், 30,925 பேர். பிறந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகாத கிளப் அதை முறியடித்துவிட்டது. கோப்பையும் ஏ.ஜி.க்குத்தான்.

அடுத்த வருடம் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக். கால் இறுதியில் எதிரி யார் தெரியுமா? முந்தின வருடம் இதே கோப்பையை ஜெயித்த பார்சிலோனா. மறுபடியும் பார்க்கனில் ஆட்டம். இருபதாயிரத்துக்கும் மேல் கூட்டம். இரண்டு ஆட்டத்தையும் கூட்டிப் பார்த்து ஏ.ஜி. முன்னே போனது. 2012 மே மாதக் கடைசியில் ஜெர்மனியின் கொலோன் நகரில் அரை இறுதி. அங்கே அத்லெட்டிகோ மாட்ரிட் அணியிடம் 25க்கு 23 என்று இரண்டே கோலில் தோற்றது. மறுநாள் பெர்லின் அணியை ஜெயித்து மூன்றாம் இடம். ஐரோப்பாவில் மூன்றாம் இடம் என்றால் ஹேண்ட்பாலில் உலகத்திலேயே மூன்றாம் இடம் என்று வைத்துக்கொள்ளலாம். டென்மார்க் லீக் கோப்பையும் இரண்டாம் முறையாகக் கையில்.

அந்த அரை இறுதியிலிருந்து இரண்டு மாதம் சொச்சம். ஜூலை 31. திவால்!

கணக்குப் புத்தகம்

என்ன நடந்தது? மர்மம் ஒன்றும் இல்லை. நீல்சன் இனிமேல் பணம் போடுவதில்லை என்று ஒதுங்கினார். அந்த இடத்துக்கு வேறு ஆள் தேடினார்கள். கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

இதை நான் நம் தொழில் மேலாண்மைப் பாடத்தை வைத்து யோசித்துப் பார்த்தேன். (அந்தப் பாடம் எதற்காவது பயன்படும் என்று நானே நினைக்கவில்லை!) ஒரு விளையாட்டுக் கிளப்புக்கு வருமானம் எங்கிருந்து வரும்? டிக்கெட், டிவி, விளம்பரம் கொடுக்கும் கம்பெனிகள், சட்டை விற்பனை. பார்க்கன் நிறைவது வருடத்தில் ஒரு நாள், இரண்டு நாள். மற்ற ஆட்டங்கள் பெரும்பாலும் புரோன்பி என்ற இடத்தில் இருக்கும் ஹாலில், சில ஆயிரம் பேர் முன்னால். டிவிப் பணமோ கால்பந்தோடு ஒப்பிட்டால் சுண்டைக்காய். வரவு இப்படி. செலவோ உலகின் சிறந்த ஆட்டக்காரர்களின் சம்பளம். நடுவில் இருந்த பள்ளத்தை ஒரு மனிதரின் பர்ஸ் மூடிக்கொண்டிருந்தது. பர்ஸை எடுத்ததும் பள்ளம் தெரிந்துவிட்டது.

நீல்சனைத் திட்டி எழுதலாம் என்றுதான் முதலில் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. அவர் இல்லாவிட்டால் அந்த 36,651 பேருக்கு அந்த நாளே இல்லையே! அவர் சொந்தப் பணத்தைப் போட்டார். முடியாதபோது நிறுத்தினார். ஒரு கட்டடம் ஒரே தூணில் நின்றால் தூணை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? வரைபடம் போட்டபோதே யாராவது கேட்டிருக்க வேண்டாமா?

ஆட்டக்காரர்கள் பிழைத்துக்கொண்டார்கள். ஹான்சன் பாரிஸ் போனார். சிகுர்ட்சன், ரெனே டாஃப்ட் ஹான்சன், நிக்லாஸ் எக்பர்க் மூன்று பேரையும் ஜெர்மனியின் கீல் அணி எடுத்துக்கொண்டது. அட்லாசன் ஃபிளென்ஸ்பர்க் போனார். கையில் தொழில் இருந்தவனுக்குக் கதவு திறந்தது. ஆனால் ஒரு கிளப்பில் ஆட்டக்காரன் மட்டுமா இருப்பான்? டிக்கெட் கிழிப்பவர், துணி துவைப்பவர், கணக்கு எழுதுபவர், ஹாலைப் பெருக்குபவர் எத்தனை பேர்! அவர்கள் பெயரை எந்தச் செய்தியிலும் நான் பார்க்கவில்லை.

அப்பாவின் ஃபவுண்டரி

அந்தப் பெயர் தெரியாதவர்களைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு அப்பா ஞாபகம்தான் வரும்.

அப்பா ஒரு சின்ன ஃபவுண்டரியில் மோல்டர். மணல் அச்சுப் பிடித்து இரும்பு ஊற்றுகிற வேலை. பதினான்கு வருடம். பம்ப் பாடி வார்ப்படம்தான் அங்கே முக்கால்வாசி வேலை. அத்தனையும் ஒரே ஒரு கம்பெனிக்கு. நல்ல கம்பெனி, மாதம் தவறாமல் ஆர்டர். நல்ல முதலாளி, தீபாவளிக்குப் போனஸ் தவறியதில்லை. நான் எட்டாவது படிக்கும்போது அந்தக் கம்பெனி ஆர்டரை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டது. ஒரே மாதத்தில் உலை அணைந்துவிட்டது. கடைசி இரண்டு மாதச் சம்பளம் இன்று வரைக்கும் வரவில்லை.

அப்பாவுக்கு முதலாளி மேல் கோபம் இல்லை. "அவரும் என்னடா கண்ணு பண்ணுவாரு? ஒரே எடத்தையே நம்பிப் போட்டாரு" என்பார். இப்போது வேறு வேறு பட்டறைகளில் தினக்கூலிக்குப் போகிறார். வேலை தெரிந்தவர் என்பதால் கூப்பிடுகிறார்கள்.

டென்மார்க்கில் இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது என்று படித்தபோது இரண்டு தடவை திரும்பப் படித்தேன். கம்பெனி திவாலானால், தொழிலாளிக்கு வர வேண்டிய சம்பளப் பாக்கியை, ஒரு உச்சவரம்பு வரைக்கும், தனியாக இருக்கும் ஒரு உத்தரவாத நிதி கொடுத்துவிடும். 1972இலிருந்து நடக்கிறது. அந்த நிதிக்குப் பணம் கட்டுவது முதலாளிமார்கள் எல்லாரும் சேர்ந்து. ஒருத்தர் விழுந்தால் மற்றவர் பணம் தாங்கிப் பிடிக்கும். அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியுமா ஊரு இருக்குது?" என்றார்.

மூன்று கிராமங்களின் கிளப்

இனிமேல்தான் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஹான்சன் சின்ன வயதில் ஆடிய ஜி.ஓ.ஜி. என்று சொன்னேன் அல்லவா? கோபன்ஹேகன் இருப்பது ஒரு தீவு. அதற்கு மேற்கே ஃப்யூன் என்று இன்னொரு தீவு. அங்கே குட்மே, ஊரே, குட்பியர்க் என்று பக்கத்துப் பக்கத்தில் மூன்று கிராமங்கள். மூன்றின் முதல் எழுத்தையும் சேர்த்தால் ஜி.ஓ.ஜி. தலைநகரமும் இல்லை, பெரிய பட்டணமும் இல்லை. ஆனால் 2004, 2007 எல்லாம் டென்மார்க் சாம்பியன்.

இந்த கிளப்பின் கம்பெனியும் திவாலானது. 2010 ஜனவரியில்! ஏ.ஜி. கோபன்ஹேகன் பிறந்த அதே வருடம். அணி மேல் லீக்கிலிருந்து கீழே தள்ளப்பட்டது. ஆட்டக்காரர்கள் கலைந்து போனார்கள். இதுவும் முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்?

முடியவில்லை. இங்கேதான் டென்மார்க் முறையைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஊருக்கு ஊர் விளையாட்டுச் சங்கம் உண்டு. உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள். ஊர்க்காரர்களே சம்பளம் வாங்காமல் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். அந்தச் சங்கத்துக்கு மேலேதான் சம்பளம் வாங்கும் பெரிய அணியைக் கம்பெனியாக நடத்துவார்கள். கம்பெனி விழலாம். கீழே சங்கம் உயிரோடு இருந்தால் மறுபடி முளைக்கும். வாழை மரத்தை வெட்டினாலும் பக்கக் கன்று வருகிற மாதிரி.

ஜி.ஓ.ஜி. கீழ் டிவிஷனிலிருந்து ஆடி, சில வருடங்களில் மேல் லீக்குக்கு ஏறி வந்தது. 2022இல் டென்மார்க் சாம்பியன். 2023இல் மறுபடியும் சாம்பியன்!

இன்னொன்று. நான் செல்போனில் பார்த்த அந்த ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். மிக்கெல் ஹான்சன், கோல்கீப்பர் நிக்லாஸ் லாண்டின், 2023, 2024 இரண்டு வருடமும் உலகின் சிறந்த ஆட்டக்காரர் ஆன மதியாஸ் கிட்செல். இந்த மூன்று பேருமே இளவயதில் ஜி.ஓ.ஜி. சட்டை போட்டு ஆடியவர்கள். தலைநகர கிளப் தயாரான ஆட்களை விலை கொடுத்து வாங்கியது. மூன்று கிராமத்து கிளப் ஆட்களை வளர்த்தது.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஹான்சன் போய்ச் சேர்ந்த பாரிஸ் கிளப்பும் கத்தார் நாட்டு முதலீட்டில் நடந்ததுதான். அது மூடப்படவில்லை, கோப்பை கோப்பையாக வாங்கியது. ஆகவே பெரிய பர்ஸ் இருந்தால் கட்டாயம் சாவு என்று சொல்ல மாட்டேன். பர்ஸ் யாருடையதோ, உயிரும் அவர் கையில். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

எங்கள் வீட்டு ஒற்றைத் தூண்

நண்பர்களே, இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. என் தங்கை பத்தாவது படிக்கிறாள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா சேர வேண்டும் என்று ஆசை. பழுதான ரேடியோவைக் கழற்றி மாட்டுவதில் என்னை விடக் கெட்டிக்காரி. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான். அப்பா ஐந்தாவது, அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை.

பெரியப்பா வந்தார். "ஒரு பையன் படிக்கறானில்ல, அது போதும். அவன் தலையெடுத்தா ஊடே தலையெடுத்துக்கும். புள்ளைக்கு எதுக்குச் செலவு? ரெண்டு வருஷம் பனியன் கம்பெனிக்குப் போனா அவ கல்யாணத்துக்கு ஆச்சு" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அப்பாவும் தலையை ஆட்டினார். என்னைப் பெருமையாகத்தான் பார்த்தார்கள். ஆனால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஏனென்றால், நான் யார் என்று எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குக் காசி யெஸ்பர் நான்தான்! அவராவது பணத்தை வைத்துக்கொண்டு தூணாக நின்றார். என்னிடம் என்ன இருக்கிறது? ஐந்தாம் செமஸ்டர் மார்க் ஷீட்டும், வரப்போகிற ஒரு கேம்பஸ் இன்டர்வியூவும். எனக்கு வேலை கிடைக்காவிட்டால்? கிடைத்த கம்பெனி ஒரு ஜூலை 31ஆம் தேதி மூடிவிட்டால்? லேத்தில் கை மாட்டிக்கொண்டால்? ஒரே ஆளை நம்பி நான்கு பேர் உட்கார்ந்தால் அது அந்த ஆளுக்கும் நல்லதில்லை, அந்த நான்கு பேருக்கும் நல்லதில்லை.

பெரியப்பா போன பிறகு அப்பாவிடம் பேசினேன். டென்மார்க்கையெல்லாம் இழுக்கவில்லை. "அப்பா, உங்க ஃபவுண்டரி ஏன் மூடுச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒரே கம்பெனி ஆர்டரு. அதான் தெரியுமே."

"நம்ம வீட்டுக்கும் ஒரே ஆர்டர்தானேப்பா? நான் ஒருத்தன்."

அப்பா பதில் சொல்லவில்லை. பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். கதவுக்குப் பின்னாலிருந்து தங்கை, "அண்ணா, நான் ஒண்ணும் செலவு வைக்க மாட்டேன்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை.

அம்மாதான் ஒரு வழி சொன்னாள். அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறாள். பன்னிரண்டு பேர். வாரா வாரம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்ப்பார்கள். என் முதல் வருட ஃபீஸே அந்தக் குழுக் கடனில்தான் கட்டியது. ஒரு வாரம் ஒருத்தரால் போட முடியாவிட்டால் மற்றவர்கள் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். யாருமே பணக்காரர் கிடையாது. ஆனால் இத்தனை வருடத்தில் குழு நின்றதில்லை. "இவளுக்கும் குழுவுல கேக்கறேன். பையனுக்குக் கொடுத்தவங்க புள்ளைக்குக் கொடுக்க மாட்டாங்களா?" என்றாள்.

அப்பா இன்னும் வாயைத் திறந்து சரி என்று சொல்லவில்லை. ஆனால் போன வாரம், "அந்த எலக்ட்ரானிக்ஸ் படிப்புக்கு எப்ப ஃபாரம் கொடுப்பாங்க?" என்று போனில் கேட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. தேதியை மட்டும் விசாரித்துச் சொன்னேன்.

நாம் கேட்க வேண்டியவை

இன்னும் கொஞ்ச நாளில் நாமெல்லாம் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்காரப் போகிறோம். சம்பளம் எவ்வளவு என்று கேட்போம். கேட்க வேண்டியதுதான். அதோடு இன்னும் சிலவற்றையும் விசாரியுங்கள். இந்தக் கம்பெனி எத்தனை பேருக்குச் சரக்குக் கொடுக்கிறது? ஒரு வாடிக்கையாளர் போனால் நிற்குமா? பி.எஃப். பிடித்தால் ஒழுங்காகக் கட்டுகிறார்களா? கண்ணாடிக் கட்டடத்தையும் பெரிய பெயர்ப் பலகையையும் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். 36,651 பேர் கைதட்டிய கிளப்பே பதினான்கு மாதத்தில் மூடியது.

அதைவிட முக்கியம் கையில் இருக்கும் தொழில். உலை அணைந்த பிறகும் அப்பாவைப் பட்டறைகள் கூப்பிடுவது அந்தக் கைக்காகத்தான். ஹான்சனைப் பாரிஸ் கூப்பிட்டதும் அதே காரணத்துக்குத்தான். கிளப் போனாலும் அவர் கை போகவில்லையே!

உலக சாதனைக் கூட்டம் என்ற பெருமையும் ஏ.ஜி. கோபன்ஹேகனிடம் நிலைக்கவில்லை. 2014 செப்டம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் 44,189 பேர் ஒரு கிளப் ஆட்டத்துக்கு வந்தார்கள். ஆனால் 2011 மே 21 அன்று பார்க்கனில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், இன்றைக்கு எங்கேயோ ஒரு ஊர்ச் சங்கத்தில் சந்தா கட்டிக் குழந்தைகளுக்குப் பந்து எறியக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன். அது என் கற்பனைதான். அப்படி இருந்தால் அந்த இரண்டு வருடமும் வீண் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் மைதானத்துக் கோல் போஸ்ட்டை யாரோ ஒரு நன்கொடையாளர் வாங்கித் தரவில்லை. வெல்டிங் ஷாப்பில் மிச்சமான பைப்பில் சீனியர்கள் செய்தது. வலைக்கு விடுதியில் ஆளுக்குப் பத்து ரூபாய் வசூல். மழையில் இப்போது அடிப்பக்கம் துருப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. மூன்றாம் ஆண்டுக்காரர்கள் நாங்கள் கிளம்புவதற்கு முன்னால் ஒரு கோட் ரெட் ஆக்சைடு அடித்துவிடுகிறோம். அதற்கு மேல் பெயிண்ட் அடிப்பதும், கிழிந்த வலையை மாற்றுவதும் ஜூனியர்கள் பொறுப்பு. ஆளுக்குப் பத்து ரூபாய் போதும். ஒருத்தரே முழுசாகக் கொடுக்க முன்வந்தாலும் வாங்காதீர்கள்!